நம்ம ரோட்டோரம் நிற்கிற கேரவன்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளலாம்.

ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து பாலைவனப் படங்களைப் போட்ட நாளிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "சார், அந்த வண்டி வாடகை எவ்வளவு?", "நம்ம லைசென்ஸ் அங்க செல்லுமா?", "டீச்சரம்மாவுக்கு அந்த வெயில் ஒத்துக்கிச்சா?" சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டியது மகனும் மருமகளும். நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வாடகை எவ்வளவு என்று மகன் கடைசி வரை சொல்லவில்லை. சொன்னால் அப்பா வண்டியில் ஏற மாட்டார் என்று அவனுக்குத் தெரியும். வெயில் ஒத்துக்கொண்டது. ஏன் ஒத்துக்கொண்டது என்பதைக் கீழே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவின் விஷயமே அதில்தான் இருக்கிறது.

நம் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர் ஏறி உட்கார்ந்துகொள்கிற ஏசி வண்டி. கேரளாக்காரர்கள் மட்டும் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் அது குடும்பத்தோடு ஊர் சுற்றுகிற சாதாரண வண்டி. அதைக் கேம்பர்வேன் என்கிறார்கள். ஒரு வேனுக்குள் படுக்கை, இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போய்ச் சேர இன்னொரு தொட்டி. இன்ஜினை அணைத்தாலும் விளக்கும் ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓட ஒரு தனி பேட்டரி. இந்தத் தனி பேட்டரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அடிலெய்டிலிருந்து வடக்கே போர்ட் அகஸ்டா. அங்கே தொடங்குகிறது ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. நாட்டின் தெற்கிலிருந்து வடக்கே டார்வின் வரை நடுப் பாலைவனத்தைக் கிழித்துக்கொண்டு சுமார் 2,700 கிலோமீட்டர் போகிறது. நாங்கள் பாதி தூரம்தான் போனோம். கூபர் பீடி, உலுரு பாறை, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். கூபர் பீடி 1915-இல் ஓபல் கல் கிடைத்து உண்டான ஊர். வெயிலுக்குப் பயந்து ஜனங்கள் மலையைக் குடைந்து உள்ளே வீடு கட்டியிருக்கிறார்கள். சர்ச் கூட மண்ணுக்கு அடியில்தான். வெளியே எவ்வளவு கொதித்தாலும் உள்ளே இருபத்து நான்கு, இருபத்தைந்து டிகிரிதான். அதே மாநிலத்தில் ஊட்னடாட்டா என்ற ஊரில் 1960 ஜனவரி 2-ஆம் தேதி 50.7 டிகிரி பதிவாகியிருக்கிறது.

உலுருவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 2019 அக்டோபரிலிருந்து அதன் மேல் ஏற அனுமதி இல்லை. அந்த மண்ணின் மக்கள் அதைக் கோயிலாக நினைக்கிறார்கள், அதனால் நிறுத்திவிட்டார்கள். சரியான முடிவு. சாயங்காலத்தில் நிறம் மாறுவது அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் மனசில் நின்றது வேறு.

கிளெண்டம்போ என்று ஒரு ஊர். ஊர் என்றால் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு விடுதி, அவ்வளவுதான். ஊர்ப் பலகையில் செம்மறி ஆடு 22,500, ஈ இருபது லட்சம், மனிதர் முப்பது என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார்கள். (ஈயின் கணக்கு குறைவு என்பது என் மனைவியின் கட்சி.) அங்கிருந்து அடுத்த பங்க் கூபர் பீடியில், சுமார் 250 கிலோமீட்டர். நம் கணக்கில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓசூருக்குப் போகிற அளவு தூரத்துக்கு நடுவே ஒரு டீக்கடை கிடையாது. ஒரு வீடு கிடையாது.

ஆனால் அந்த ஆளில்லாத ரோட்டிலும் விட்டு விட்டு ஓய்விடம் இருக்கிறது. முன்கூட்டியே "ஓய்விடம் இத்தனை கிலோமீட்டரில்" என்று பலகை. நெடுஞ்சாலையை விட்டு நன்றாக விலகி, பெரிய லாரியும் திரும்புகிற அளவு இடம். ஒரு தகரக் கூரை, அதன் நிழலில் மேஜை, பெஞ்ச், குப்பைத் தொட்டி. பல இடங்களில் கழிப்பறை. சில இடங்களில் அந்தக் கூரையில் விழுகிற மழைத் தண்ணீரையே தொட்டியில் பிடித்து வைத்திருக்கிறார்கள். கழிப்பறை ஒன்றும் மார்பிள் பதித்ததில்லை. தண்ணீரே இல்லாத குழிக் கக்கூஸ்தான். ஆனால் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது, யாரோ கூட்டிப் பெருக்கியிருந்தார்கள். ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம் உள்ள லாரிகள் ஓடுகிற ரோடு அது. 'ரோட் ட்ரெயின்' என்கிறார்கள், மூன்று நான்கு ட்ரெய்லரை ரயில் பெட்டி மாதிரி இழுத்துப் போகிறது. அப்படி ஒரு வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் அந்த நிழலில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பக்கத்து மேஜையில் புளி சாதம் சாப்பிட்டோம்.

அவசரத்துக்கு டாக்டரின் விமானம் இறங்க வசதியாக ரோட்டிலேயே ஓடுதளக் குறி போட்டிருந்த இடத்தையும் பார்த்தோம். இந்த ரோட்டுக்கு டோல் கிடையாது.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

நம் ஊர் வழியாகப் போகிற தேசிய நெடுஞ்சாலை 48-ஐ நாம் "பெங்களூர் ரோடு" என்று சொல்லிச் சொல்லி அது பெங்களூரோடு முடிந்துவிடுகிறது என்றே நினைக்கிறோம். அது ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புணே, மும்பை, சூரத், அகமதாபாத், உதய்பூர், ஜெய்ப்பூர் என்று ராஜஸ்தானைத் தாண்டி டில்லி வரைக்கும் போகிறது. நீளம் சுமார் 2,800 கிலோமீட்டர். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே நீளம்! அங்கே ஒரு நாள் பூராவும் ஓட்டினாலும் எதிரே வந்த வண்டிகளை நோட்டில் எழுதிவிடலாம். இங்கே சுங்குவார்சத்திரத்தில் ரோட்டைக் கடக்க ஒரு வயதானவர் கால் மணி நேரம் நிற்கிறார்.

நம் பகுதியில் செய்கிற கார்களில் ஒரு பங்கு வாலாஜாபாத்திலிருந்து ரயிலில் போகிறது. மற்றவை அந்த நீளமான பெட்டி லாரிகளில்தான் போகின்றன. ஜோத்பூரில் ஒருவர் ஷோரூமில் புதுக் காருக்குப் பூஜை போடுகிறார் என்றால், ஒரு டிரைவர் அதை ஒரகடத்திலிருந்து தக்காணம் முழுக்கத் தாண்டி பாலைவன ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அந்தப் பக்கத்து பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி. இந்தியாவில் பதிவானதிலேயே அதுதான் அதிகம். ஊட்னடாட்டாவையும் மிஞ்சிய வெயில். ஆக, பாலைவனத்தில் வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே படுத்துப் போகிற பயணம் நம் ஊருக்குப் புதிதில்லை. ஒரகடம் கூட்டு ரோட்டில் தினமும் நடக்கிறது. யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

வாலாஜாபாத் ரோட்டிலோ சிங்கப்பெருமாள் கோயில் ரோட்டிலோ மதியம் இரண்டு மணிக்கு மெதுவாகப் போய்ப் பாருங்கள். ஓரத்தில் வரிசையாக நிற்கிற ட்ரெய்லர்களின் பக்கவாட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் சின்ன கேஸ் அடுப்பு, குக்கர், கோதுமை மாவு, வெங்காயம், ஒரு டப்பா மிளகாய்த்தூள். வண்டிக்கு அடியில் கிடைக்கிற நிழலில் பாயை விரித்து, இரண்டு டயருக்கு நடுவே ஒருவர் படுத்திருப்பார். ஹரியானாக்காரராக இருக்கலாம், ராஜஸ்தான்காரராக இருக்கலாம், சங்ககிரியோ நாமக்கல்லோ கூட இருக்கலாம். அச்சில் தொட்டில் மாதிரி துண்டைக் கட்டி அதில் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டிருப்பார். அடுப்பு, படுக்கை, தண்ணீர் எல்லாம் உண்டு. எங்கள் கேம்பர்வேனில் இருந்த எல்லாம் அதிலும் இருக்கிறது. ஒதுங்க இடம்தான் இல்லை.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன் ஒருவன், இப்போது அவனுக்கு நாற்பது வயசு, துறைமுகத்திலிருந்து இங்கே ஆலைகளுக்குக் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறான். போன வாரம் டீக்கடையில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் கிளாஸை மறைத்து எழுந்து நின்றான். உட்காரச் சொன்னேன்.

"ஓட்றது கஷ்டமே இல்ல சார். நிக்கிறதுதான் கஷ்டம்" என்றான்.

"எவ்ளோ நேரம்பா நிப்பே?"

"அது கேட்டுல இருக்கறவங்க கையில இருக்கு சார். மூணு மணி நேரத்துலயும் உள்ள உடுவாங்க. மறுநாளும் ஆவும். வண்டிய உட்டு எங்கயும் போக முடியாது, கூப்ட்ட நேரத்துக்கு இல்லன்னா வரிசை போயிடும். அதான் சார், நான் மத்தியானத்துக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டேன்."

"ஏம்பா?"

"குடிச்சா போவணுமே சார். எங்க போறது?"

முப்பத்து நான்கு வருஷம் அறிவியல் நடத்தியவன் நான். இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு எனக்கு டீ இறங்கவில்லை. கோடைக்காலத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகத்தில் கல் வரும், வெப்ப மயக்கம் வரும் என்பதை இவனுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் குடிக்காமல் இருக்கிறான்.

வெயில் ஏன் எனக்கு அங்கே ஒத்துக்கொண்டது என்று சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு உடம்பிலிருந்து ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. பாலைவனக் காற்றில் ஈரம் இல்லை. வியர்த்த உடனே காய்ந்துவிடும், உடம்பு குளிரும். 40 டிகிரியிலும் நிழலுக்குள் போனால் நிம்மதியாக இருக்கும். அதற்கு ஈடாக நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு நாளைக்குப் பத்து லிட்டர் வண்டியில் இருக்க வேண்டும் என்பது அங்கே பாலைவனத்துக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிற கணக்கு. நம் ஊரில் கடல் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. காற்று ஈரம். வியர்வை காயாது, வழிந்து ஓடும். வழிந்து ஓடுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் நம் ஊர் 38 டிகிரி, அந்த ஊர் 42-ஐ விட மோசமாக இருக்க முடியும். சென்னை 2003 மே 31-இல் 45 டிகிரியைப் பார்த்த ஊர் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதில் லாரி கேபின் இன்னொரு கணக்கு. நம் லாரிகளில் பெரும்பாலும் இன்ஜின் கேபினுக்கு அடியிலேயே இருக்கிறது. மேலே தகரக் கூரை, முன்னால் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வரும், வந்த வெப்பம் வெளியே போகாது. மூடி வைத்தால் வெளியே இருப்பதை விடப் பத்து, பதினைந்து டிகிரி ஏறுவது சாதாரணம். ஜன்னலைத் திறந்து வைத்தால் பகலில் புழுதி, ராத்திரியில் கொசு. டீசல் திருட்டு, செல்போன் திருட்டு வேறு.

"அதான் ஏசி கேபின் கட்டாயம் ஆக்கிட்டாங்களே சார்" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற, 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி இருக்க வேண்டும். நல்ல காரியம், மனசாரப் பாராட்டுகிறேன். டெய்ம்லரின் பாரத்பென்ஸ் ஆலை 2012-லிருந்து ஒரகடத்தில்தான் லாரி செய்கிறது. ஏசி கேபின் லாரிகள் நம் ஊர்ப் பிள்ளைகள் கையாலேயே தயாராகி வெளியே வருகின்றன.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, இது புது வண்டிக்கு மட்டும். ரோட்டில் ஓடுகிற பழைய வண்டிகள் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஓடும். இரண்டு, அந்த ஏசி இன்ஜின் ஓடினால்தான் ஓடும். கேட்டுக்கு வெளியே ஆறு மணி நேரம் நிற்கிறபோது இன்ஜினை ஓடவிட்டால் டீசல் யார் கணக்கு? எந்த முதலாளி ஒத்துக்கொள்வார்? ஓட்டும்போது குளிர்ச்சி, நிற்கும்போது அடுப்பு. என் மாணவன் சொன்னதை மறுபடி படியுங்கள், அவன் கஷ்டம் ஓட்டுவதில் இல்லை.

மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன தனி பேட்டரி இங்கேதான் வருகிறது. இன்ஜின் அணைந்திருந்தாலும் ஒரு ஃபேனாவது, முடிந்தால் ஒரு சின்னக் குளிர்விப்பானாவது ஓட ஒரு பேட்டரியும், கூரை மேல் ஒரு சோலார் தகடும் போதும். பாலைவனத்தில் உல்லாசப் பயணம் போகிறவனுக்குச் செய்து தருகிற ஏற்பாடு, வயிற்றுக்காகப் பாலைவனம் போகிறவனுக்கு ஏன் முடியாது? இதைச் செய்யத் தெரியாதவர்களா நம் பகுதியில் வண்டி செய்கிறார்கள்?

சரி, ஏன் நிற்க வேண்டும்? இதைத்தான் நாம் கேட்பதே இல்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியதிலிருந்து, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறந்ததிலிருந்து, ஒவ்வொன்றாக எத்தனையோ ஆலைகள் வந்துவிட்டன. நம் பிள்ளைகளுக்கு வேலை வந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கார் தொழிலில் உலகம் முழுக்க ஒரு முறை உண்டு. டொயோட்டாக்காரர்கள் ஜப்பானில் கொண்டுவந்தது. உதிரி பாகத்தைக் குடோனில் வாங்கி அடுக்கி வைக்காமல், தேவைப்படுகிற நேரத்துக்கு மட்டும் வரவழைப்பது. குடோன் செலவு மிச்சம், பணம் முடங்காது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் உதிரி பாகம் முன்கூட்டியே வந்துவிட்டால் எங்கே வைப்பது? லாரியிலேயே வைத்திரு. லாரியை எங்கே நிறுத்துவது? ரோட்டில் நிறுத்து. இப்படி, குடோன் என்பது ஆலைக்குள் இருந்து வெளியே வந்து, சக்கரம் முளைத்து, நம் ஊர் ரோட்டோரத்தில் நிற்கிறது. அதற்கு வாட்ச்மேன் அந்த டிரைவர். சம்பளம் இல்லாத வாட்ச்மேன். ஏனென்றால் பேட்டா டிரிப்புக்குத்தான், நிற்கிற நேரத்துக்கு இல்லை. ஹால்டிங் என்று கொடுத்தாலும் அது வண்டி முதலாளியோடு நின்றுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

எல்லா ஆலைகளையும் ஒரே தராசில் வைக்கவில்லை. உள்ளேயே நிறுத்த இடம், ஓய்வறை, கழிப்பறை, கேன்டீன் கொடுக்கிற ஆலைகளும் இருக்கின்றன. "அங்க லோடுன்னா குஷியா போவோம் சார்" என்று டிரைவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் செய்ய முடிகிற காரியம்தானே இது?

சட்டமும் புதிதில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது 1961-இல். நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது ஓய்வு, ஓய்வறை என்று எல்லாம் அப்போதே எழுதிவிட்டார்கள். இப்போது அதைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கேட்டுக்கு வெளியே காத்திருப்பது வேலையா, ஓய்வா? முதலாளிக்கு அது ஓய்வு. டிரைவருக்கு அது வேலை. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான மாநிலங்களில் கனரக வண்டி டிரைவர் 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, தொடர்ந்து ஏழு மணி நேரம் வண்டி ஓடாமல் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும், அதை டைரியில் எழுத வேண்டும். ஏற்றி இறக்குகிற நேரமும் அங்கே வேலைக் கணக்கில் வருகிறது. எங்கள் வாடகை வேனுக்கே, கங்காரு குறுக்கே பாயும் என்பதால், ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். நம் டிரைவருக்குப் பகலில் பெருநகரத்துக்குள் தடை. அதனால் பகலெல்லாம் வெயிலில் காத்திருந்து ராத்திரி ஓட்ட வேண்டும்.

"அது பணக்கார நாடு சார், ஜனமும் கம்மி" என்பார்கள். சொல்லுங்கள். ஜனம் கம்மி என்றால் வரியும் கம்மிதானே? நாள் முழுக்கச் சில நூறு வண்டி போகிற ரோட்டில் கழிப்பறை கட்டியவனை விட, நெமிலியில் ஒரு டோல், சென்னசமுத்திரத்தில் ஒரு டோல் என்று ராத்திரி பகலாக வசூலிக்கிற ரோட்டில் கட்டுவது சுலபமாக இருக்க வேண்டும். பெட்ரோலியக் கம்பெனிகள் சில பங்குகளில் டிரைவர்களுக்கென்று 'அப்னா கர்' என்ற பெயரில் படுக்கை, குளியல், சமையல் வசதியோடு விடுதிகள் திறந்து வருகின்றன. நல்ல திட்டம். ஆனால் அது நெடுந்தூரம் போகும்போது ராத்திரி தங்குவதற்கு. கேட்டிலிருந்து கூப்பிட்டால் ஓட வேண்டியவன் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற விடுதியில் படுக்க முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் எழுதாவிட்டால் நம் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். "வாசல்ல வந்து மூத்திரம் போறான்", "குப்பையப் போட்டுட்டுப் போறான்", "பொம்பளப் பிள்ளைங்க ஷிஃப்ட் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நடக்க பயப்படுதுங்க." எல்லாம் நியாயமான புகார். இதைவிடப் பெரிய புகார் ஒன்று உண்டு. ஐடிஐ முடித்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பையன், என் மாணவன், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, லைட் இல்லாமல் ஓரத்தில் நின்ற ட்ரெய்லரின் பின்னால் மோதிப் போய்விட்டான். அவன் அம்மா இன்றைக்கும் லாரி டிரைவர் என்றாலே காறித் துப்புவாள். அவளிடம் போய் நான் டிரைவர்களுக்காகப் பேச முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். அந்த ட்ரெய்லருக்கு நிற்க ஓர் இடம் இருந்திருந்தால் அது அங்கே நின்றிருக்காது. டிரைவருக்கு நிழல் கேட்பதும், நம் பிள்ளைக்கு உயிர் கேட்பதும் இந்த விஷயத்தில் ஒரே மனுதான். போலீஸ் வந்து அபராதம் போட்டு விரட்டினால் அந்த லாரி அடுத்த வளைவில் போய் நிற்கும், அவ்வளவுதான் நடக்கும்.

லாரி நிறுத்துமிடம் பற்றி அறிவிப்பு, அடிக்கல் என்றெல்லாம் அவ்வப்போது பேப்பரில் படிக்கிறோம். இருக்கிற இடம் போதவில்லை என்பதற்கு ரோட்டோர வரிசையே சாட்சி. இடம் கட்டினாலும் வெறும் தார் மைதானமாகக் கட்டிக் கேட் போட்டால் ஒரு டிரைவரும் உள்ளே போக மாட்டார். வேப்ப மரமோ புங்க மரமோ வேண்டும், அது வளரும் வரை கூரை வேண்டும். தண்ணீர், கழிப்பறை, குளிக்க நான்கு குழாய், சமைக்க ஒரு மேடை. முக்கியமாக, ஆலை கேட்டிலிருந்து வரிசை நம்பர் செல்போனுக்கு வர வேண்டும். "உன் நம்பர் இன்னும் இரண்டு மணி நேரத்தில்" என்று தெரிந்தால் மனுஷன் நிம்மதியாகத் தூங்குவான். திருப்பதியில் தரிசனத்துக்கே நேரம் போட்டுச் சீட்டுக் கொடுக்கிறார்கள், ஒரு லாரிக்குக் கொடுக்க முடியாதா?

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ரோடு வருவதற்கு முன்னால் சரக்கு போனது ஒட்டகத்தில். 1860-இல் பர்க், வில்ஸ் என்ற இரண்டு பேரின் பயணத்துக்காகக் கராச்சியிலிருந்து கப்பலில் ஒட்டகங்களையும் ஓட்டுகிறவர்களையும் கொண்டுபோனார்கள். பின்னால் ஆயிரக்கணக்கில் போனார்கள். பலூச்சி, பஞ்சாபி, ராஜஸ்தானி எல்லோரையும் சேர்த்து 'ஆப்கான்' என்றே கூப்பிட்டார்கள். மரியாதையாக நடத்தினார்கள் என்று சொல்ல முடியாது, ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பில்தான் வைத்தார்கள். ஆனால் இன்றைக்கு அடிலெய்டிலிருந்து டார்வின் போகிற ரயிலுக்குப் பெயர் 'தி கான்'. ஆப்கான் என்பதன் சுருக்கம்தான் அது என்பார்கள். லாரி டிரைவர் பெயரில் நம் ஊரில் ஒரு பஸ் ஸ்டாப் கூட இல்லை.

நாம் ஒன்றும் வழிப்போக்கனை வெயிலில் நிற்கவைத்த ஜனம் கிடையாது. தலைச்சுமையோடு வருகிறவன் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கட்டும் என்று சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் நாம். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்து மோர் ஊற்றியவர்கள். ராமேஸ்வரம் போகிறவர்களுக்காக இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் கட்டினார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இதே பெங்களூர் ரோட்டில் பஸ் ஏறி உட்கார்ந்து கண்டக்டர் கூவுவதைக் கேளுங்கள்: சுங்குவார்சத்திரம், அப்புறம் பாலுச்செட்டிசத்திரம். மாட்டு வண்டி போன காலத்தில் ஒரு நாள் பயணத்துக்கு ஒரு சத்திரம் என்று இருந்திருக்கிறது. மாட்டை அவிழ்த்துக் கட்ட இடம், கிணறு, திண்ணை. பெயர் மட்டும் இன்னும் பஸ் போர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுங்குவார்சத்திரத்தில்தான் இன்று உலகத்துக்கே டிவியும் ஃப்ரிட்ஜும் தயாராகிறது.

மே 1 கிராம சபைக் கூட்டத்தில் எங்கள் ஊராட்சியில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்கப் போகிறேன். சிப்காட்டுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தனித் தனியாக மனு எழுதி வைத்திருக்கிறேன். கேட்பது நான்குதான்: கேட்டிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் நிழலோடு நிறுத்துமிடம், அதில் கழிப்பறையும் தண்ணீரும், வரிசைக்கு நேரச் சீட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் காக்கவைத்தால் டிரைவர் கையிலேயே காத்திருப்புப் படி.

மனுவோடு ஒரு கணக்கும் சேர்த்தால்தான் அதிகாரிகள் படிப்பார்கள். அதற்கு உங்கள் உதவி வேண்டும். மாத்தூர், வல்லம், வடகால், பண்ருட்டி, எழிச்சூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கிற என் பழைய மாணவர்கள், வரும் ஒரு வாரத்துக்கு, மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை, ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை, உங்கள் தெருமுனையிலிருந்து அடுத்த கேட் வரை எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணி எனக்கு அனுப்புங்கள். தேதி, நேரம், இடம் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். ராத்திரி எண்ணுகிறவர்கள் பைக்கை ரோட்டை விட்டு இறக்கி நிறுத்திவிட்டு எண்ணுங்கள். படம் எடுத்தால் டிரைவர் முகமும் வண்டி நம்பரும் வேண்டாம். முடிந்தவர்கள் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள், கொடுத்துவிட்டு, பக்கத்தில் எங்கே ஒதுங்கலாம் என்ற வழியையும் சொல்லிவிட்டு வாருங்கள்.